ஐ.சி.யூ.வில் நுரையீரலைக் கண்காணிக்க அல்ட்ராசவுண்டா, சி.டி.யா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாசலில் காத்திருக்கும் உறவினர்களும், புதிதாகச் சேரும் செவிலியர்களும், பட்டமேற்படிப்பு மருத்துவர்களும் நுரையீரல் ஸ்கேன் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் வீட்டாரின் கேள்விகள். போகப் போக வார்டுக்குள் எழும் சந்தேகங்கள். உங்கள் நோயாளிக்கு என்ன தேவை என்பதை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் விளக்கமாகப் பேச இது உதவினால் போதும்.

1. "ஸ்கேன் எடுத்தாச்சுனு சிஸ்டர் சொல்றாங்க, ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்றார். எந்த ஸ்கேனைத்தான் சொல்றீங்க?"

இரண்டு வேறு கருவிகள். சிஸ்டர் சொன்னது அல்ட்ராசவுண்டாக இருக்கும். ஜெல்லி தடவிய ஒரு சின்ன புரோபை மார்பில் வைத்து, ஒலி அலையை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் பார்ப்பது. கருவியைத் தள்ளிக்கொண்டு படுக்கைக்கே வந்துவிடலாம்.

டாக்டர் சொன்னது சி.டி. அதில் எக்ஸ்ரே கதிர் உடம்பைச் சுற்றி வந்து, குறுக்குவெட்டுப் படங்களாக எடுக்கும். அதற்கு நோயாளிதான் கருவி இருக்கும் அறைக்குப் போக வேண்டும். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு வித்தியாசத்தில் வந்து நிற்கும்.

2. "அல்ட்ராசவுண்டு வயித்துக்குத்தானே எடுப்பாங்க? நுரையீரல் முழுக்கக் காத்துதானே, அதுல என்ன தெரியும்?"

நியாயமான கேள்வி. மருத்துவர்களும் ரொம்ப காலம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது. நல்ல நுரையீரலின் மேற்பரப்பில் பட்டதுமே திரும்பிவிடும். பாரிஸை ஒட்டிய அம்ப்ருவாஸ் பாரே மருத்துவமனையின் தீவிர சிகிச்சை மருத்துவர் டானியல் லிஷ்டன்ஸ்டைன் 1990-களில் வேறு விதமாக யோசித்தார். நுரையீரலின் உள்ளே தெரியாவிட்டால் என்ன, திரையில் விழும் எதிரொலிக் கோடுகளே நுரையீரலின் நிலையைச் சொல்கின்றனவே என்று அவற்றை ஒவ்வொன்றாக சி.டி.யோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

புரோபை இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே வைத்தால், இரண்டு பக்கமும் எலும்பின் கரிய நிழல் விழும். நடுவே ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். அதுதான் ப்ளூரா, நுரையீரலின் உறை. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கோடு மினுமினுத்தபடி வழுக்கிப் போய் வரும். இதை 'ஸ்லைடிங்' என்போம். அதற்குக் கீழே சம இடைவெளியில் படுக்கை வாட்டில் மங்கலான கோடுகள் தெரிந்தால் அவை ஏ-கோடுகள்: அங்கே காற்று இருக்கிறது. நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்தால், ப்ளூராவில் தொடங்கித் திரையின் அடிமட்டம் வரை வெள்ளைக் கோடுகள் செங்குத்தாக இறங்கும், மூச்சோடு சேர்ந்து ஆடும், ஏ-கோடுகளை அழித்துவிடும். இவை பி-கோடுகள். ஒரே விலா இடைவெளியில் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இயல்பு இல்லை.

நிமோனியாவில் காற்று முற்றிலும் போய் நுரையீரல் கெட்டிப்பட்டால், திரையில் அது கல்லீரலைப் போலவே தெரியும். அதற்குள் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் மூச்சுக்கு ஏற்ப ஓடுவதும் தெரியும். மூச்சுக்குழாய்களில் இருக்கும் காற்று அது. ஆக, காற்று குறையக் குறைய அல்ட்ராசவுண்டுக்குத் தெரிவது கூடிக்கொண்டே போகும். ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவர்களின் நுரையீரலில் குறைவது காற்றுதான் என்பதால் அங்கே இந்தக் கருவிக்கு இவ்வளவு வேலை.

3. "காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை எடுக்கிறாங்க. அப்பாவுக்கு ரேடியேஷன் ஏறாதா?"

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே கிடையாது. வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்ப்பதும் இதே ஒலி அலையில்தான். ஒரே நாளில் பத்துத் தடவை பார்த்தாலும் கதிர்வீச்சுக் கணக்கில் ஒன்றும் சேராது.

சி.டி.யில் உண்டு. மார்பு சி.டி. ஒன்றுக்குப் பொதுவாக 5 முதல் 7 மில்லிசீவர்ட் வரை. இயற்கையாக மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒருவருக்கு ஓராண்டில் சேர்வது உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். கோவிட் இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், அன்றைய எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா ஒரு சி.டி. 300 முதல் 400 எக்ஸ்ரேவுக்குச் சமம் என்று சொன்னதும், கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் அதை மறுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். எந்த எக்ஸ்ரே, எந்த அளவில் எடுத்த சி.டி. என்பதைப் பொறுத்து அந்த விகிதம் நிறையவே மாறும். லேசான காய்ச்சலுக்கெல்லாம் சி.டி. சென்டர் வாசலில் வரிசை நின்ற காலம் அது, அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. ஆனால் உயிருக்குப் போராடும் ஒருவருக்கு அவசியமான சி.டி.யைக் கதிர்வீச்சுக்குப் பயந்து தள்ளிப்போடுவது தப்பு. அவரைப் பொறுத்தவரை கதிர்வீச்சைவிட 4-வது பதிலில் வரும் பயணம்தான் பெரிய ஆபத்து.

4. "பணம் பிரச்சினை இல்லை டாக்டர். சி.டி.தான் தெளிவா காட்டும்னா தினமும் அதையே எடுத்துடுங்க."

தெளிவாகக் காட்டும் என்பது உண்மை. ஒரு தனிப் படத்தின் முழுமையில் சி.டி.யை அல்ட்ராசவுண்டு மிஞ்ச முடியாது. ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவரை சி.டி. அறைக்குக் கொண்டுபோவது என்றால் என்ன நடக்கிறது என்பதை வெளியே இருப்பவர்கள் பார்ப்பதில்லை.

முதலில் ஆக்சிஜன் சிலிண்டரில் போகவர எவ்வளவு நேரத்துக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் நார்அட்ரினலின் ஓடும் சிரிஞ்ச் பம்பைக் கட்டிலோடு கட்ட வேண்டும். அதில் அரை நிமிடத் தடங்கல் வந்தாலும் சிலருக்கு பி.பி. விழுந்துவிடும். பெரிய வென்டிலேட்டரிலிருந்து சின்ன வென்டிலேட்டருக்கு மாற்றும் அந்தச் சில நொடிகளில், வாய் வழியாக மூச்சுப்பாதைக்குள் போட்டிருக்கும் மூச்சுக்குழலை கிளாம்ப் போட்டுப் பிடிக்கிறோம். பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் அழுத்தம் போய், கஷ்டப்பட்டுத் திறந்த காற்றறைகள் மறுபடி மூடிக்கொள்ளும். அப்புறம் லிஃப்ட், நடைபாதை, சி.டி. மேசைக்கு நாலு பேர் சேர்ந்து தூக்கி மாற்றுவது, கைகளை மேலே தூக்கி வைப்பது, மட்டமாகப் படுக்க வைப்பது. இதில் ஏதோ ஒரு இடத்தில் ஒரு குழாய் இழுபடும். கூடவே ஒரு டாக்டரும் சிஸ்டரும் போய்விடுவதால், வார்டில் மற்ற நோயாளிகளுக்கு ஆள் குறையும்.

இவ்வளவும் செய்து கிடைப்பது அந்த ஒரு நிமிடத்தின் படம். கண்காணிப்பது என்றால் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது: நேற்றைவிட இன்று எப்படி, மருந்து போட்ட பிறகு எப்படி, குப்புறப் படுக்க வைத்த பிறகு எப்படி? அதை ஆளை அசைக்காமல் கேட்க முடிகிற கருவியால்தான் கேட்க வேண்டும். பணம் இருக்கிறதா இல்லையா என்பது இதில் கடைசிக் கேள்வி.

5. "தினமும் எக்ஸ்ரே எடுக்கிறாங்களே, அப்புறம் எதுக்கு அல்ட்ராசவுண்டு?"

படுத்திருப்பவருக்குக் கட்டிலிலேயே எடுக்கும் எக்ஸ்ரே, நின்றுகொண்டு எடுப்பதைப் போல வராது. முதுகுப் பக்கம் பரவிக் கிடக்கும் நீர் அதில் வெறும் மங்கலாகத்தான் தெரியும். 2004-இல் லிஷ்டன்ஸ்டைன் குழு, ஏ.ஆர்.டி.எஸ். என்ற கடும் நுரையீரல் பாதிப்பு உள்ள 32 பேரை ஸ்டெதஸ்கோப், எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு மூன்றாலும் பார்த்து, சி.டி.யை அளவுகோலாக வைத்து ஒப்பிட்டது. நுரையீரலைச் சுற்றிய நீரைக் கண்டுபிடிப்பதில் ஸ்டெதஸ்கோப்பின் துல்லியம் 61 சதவீதம், எக்ஸ்ரே 47, அல்ட்ராசவுண்டு 93. கெட்டிப்பட்ட நுரையீரலுக்கு முறையே 36, 75, 97.

எக்ஸ்ரேவுக்கு வேறு வேலை இருக்கிறது. மூச்சுக்குழல் எந்த மட்டத்தில் நிற்கிறது, கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் போட்ட சென்ட்ரல் லைன் எங்கே முடிகிறது, மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் டியூப் வயிற்றுக்குள் போயிருக்கிறதா என்பதையெல்லாம் ஒரே படத்தில் காட்டும். தேவைப்படும் நாளில் எடுத்தால் போதும். தினமும் வழக்கத்துக்காக எடுக்கும் எக்ஸ்ரேவைத்தான் அல்ட்ராசவுண்டு குறைக்கிறது.

6. "அல்ட்ராசவுண்டுல ஒண்ணும் இல்லைனு சொன்னீங்க. சி.டி.ல நிமோனியானு வந்திருக்கு. எது பொய்?"

பெரும்பாலும் இரண்டும் உண்மை. 2-வது பதிலில் சொன்னபடி ஒலி அலை காற்றைத் தாண்டாது. நோய் ப்ளூராவைத் தொட்டால்தான் அல்ட்ராசவுண்டுக்குத் தெரியும். நுரையீரலின் நடுவே ஒரு நிமோனியா இருந்து, அதைச் சுற்றிலும் காற்று இருந்தால், திரையில் ஏ-கோடுகள் மட்டும்தான் வரும். கடுமையான நோயாளிகளில் பாதிப்பு பெரும்பாலும் விளிம்புவரை வந்துவிடுகிறது, அதனால்தான் இந்த முறை வேலை செய்கிறது. எப்போதும் அப்படி இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

இன்னொரு காரணம், பார்க்காத இடம். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்கு அல்ட்ராசவுண்டு போகாது. முதுகைப் பார்க்க ஆளைச் சற்றுத் திருப்ப வேண்டும். அதைச் செய்யாமல் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதினால், படுத்திருப்பவர்களுக்கு நோய் அதிகம் தங்கும் இடத்தையே விட்டுவிட்டோம் என்று அர்த்தம். அறிக்கையில் எந்தெந்த இடம் பார்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

7. "அப்படின்னா சி.டி. எப்போதான் கண்டிப்பா வேணும்?"

திடீரென்று ஆக்சிஜன் விழுந்து, அல்ட்ராசவுண்டில் காரணம் எதுவும் புலப்படாதபோது. நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.தான் பதில் சொல்லும். கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். சீழ்க்கட்டி, நடுமார்பில் பிரச்சினை, விபத்தில் பெரிய மார்புக் காயம், சரியான ஆன்டிபயாடிக் போட்டும் இறங்காத நிமோனியா, இவற்றுக்கும் சி.டி.தான்.

அல்ட்ராசவுண்டுக்கு வழியே இல்லாத நோயாளிகளும் உண்டு. தோலுக்கு அடியில் காற்று புகுந்து உடம்பு உப்பியிருந்தால் அந்தக் காற்றே அலையைத் தடுத்துவிடும். மார்பு முழுக்க அறுவை சிகிச்சைக் கட்டு இருந்தாலோ, மிகப் பருமனாக இருந்தாலோ படம் தெளியாது.

நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று: இந்தப் படத்தைப் பார்த்த பிறகு சிகிச்சை எப்படி மாறும்? பதில் இருந்தால் உடனே கிளம்பலாம். 'சும்மா பார்த்து வைப்போம்' என்றால் 4-வது பதிலில் இருக்கும் பயணத்துக்கு அது போதாது.

8. "ஸ்கோர் 22-ல இருந்து 15-க்கு வந்துடுச்சுனு ரவுண்ட்ஸ்ல சொல்றாங்க. இது கோவிட்ல சொன்ன அந்த ஸ்கோரா?"

இல்லை. கோவிட் காலத்தில் கேட்டது சி.டி. ஸ்கோர், 25-க்கு. இது அல்ட்ராசவுண்டு ஸ்கோர், 36-க்கு. இரண்டிலும் எண் கூடினால் பாதிப்பு அதிகம். ஆனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது.

ஒவ்வொரு பக்க மார்பையும் முன், பக்கவாட்டு, பின் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் மேல், கீழ் என்று பார்த்தால் மொத்தம் 12 இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் 0 முதல் 3 வரை. ஏ-கோடுகள் இருந்து பி-கோடுகள் இரண்டுக்கு மேல் இல்லாவிட்டால் 0. தனித்தனியாக 3 அல்லது அதற்கு மேல் பி-கோடுகள் என்றால் 1. அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போய்த் திரை வெள்ளையானால் 2. கெட்டிப்பட்டிருந்தால் 3.

மொத்த எண்ணை மட்டும் சொல்வதில் எனக்குத் திருப்தி இல்லை. முதுகுப்பக்கம் நான்கு இடத்தில் 3 இருப்பதும், பன்னிரண்டு இடத்திலும் 1 இருப்பதும் ஒரே 12 தான். நோயோ வேறு வேறு. அதோடு, கெட்டிப்பட்ட பகுதி பாதியாகச் சுருங்கினாலும் அந்த இடத்துக்கு 3 தான் வரும். அதனால் எண்ணோடு மார்பின் படம் ஒன்று வரைந்து, கட்டம் கட்டமாக எழுதி வையுங்கள்.

9. "பி-கோடு நிறைய இருக்கு சார். லாசிக்ஸ் போட்டுடலாமா?"

நில்லுங்கள். லாசிக்ஸ் என்பது சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரை வெளியேற்றும் மருந்து. நுரையீரலில் காற்று குறைந்து இடைத்திசு தடித்திருக்கிறது என்பது வரைதான் பி-கோடு சொல்லும், ஏன் என்று சொல்லாது. இதயம் தளர்ந்து நீர் கோத்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ப்ளூரா மெல்லியதாக, வழவழப்பாகத் தெரியும். ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும், நடுநடுவே நல்ல நுரையீரல் தப்பியிருக்கும், ப்ளூரா கரடுமுரடாகி அதன் அடியில் சின்னச் சின்னக் கெட்டிப்பகுதிகள் தெரியும், ஸ்லைடிங்கும் குறையும். நுரையீரல் தழும்பேறிப்போன நாள்பட்ட ஃபைப்ரோசிஸில் பி-கோடு எப்போதுமே இருக்கும். எவ்வளவு லாசிக்ஸ் போட்டாலும் போகாது. அங்கே ஆறு மாதத்துக்கு முந்தைய சி.டி. ஒன்று வீட்டில் இருந்தால் அது தங்கம். உறவினர்களிடம் பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இதயத்தையும் எக்கோவில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போட்ட பிறகு, குறித்து வைத்த அதே இடத்தில் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். டயாலிசிஸ் நடக்கும்போதே பி-கோடுகள் குறைவதை 2009-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அந்த வேகத்தில் மாறும் ஒன்றை சி.டி.யால் பின்தொடர முடியாது.

10. "ஸ்லைடிங் இல்லை. நியூமோதோரக்ஸ்தானே, டியூப் போட்டுடலாமா?"

நியூமோதோரக்ஸ் என்றால் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்துவிடுவது; டியூப் போடுவது அந்தக் காற்றை வெளியேற்ற. ஸ்லைடிங் இருந்தால் அந்த இடத்தில் நியூமோதோரக்ஸ் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு பி-கோடு தெரிந்தாலும் அப்படியே. ஆனால் ஸ்லைடிங் இல்லாததற்குப் பல காரணங்கள் இருக்கும். மூச்சுக்குழல் வலது கிளைக்குள் இறங்கியிருந்தால் இடது பக்கம் அசையாது. ப்ளூரா ஒட்டிப்போயிருக்கலாம். நுரையீரல் மிகவும் கெட்டிப்பட்டிருக்கலாம். பெரிய காற்றுப்பை, அதாவது புல்லா, இருக்கலாம்.

உறுதி செய்வது 'லங் பாயின்ட்'. புரோபை மெதுவாகப் பக்கவாட்டுக்கு நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் ப்ளூரா ஒரு மூச்சுக்கு வந்து தொடுவதும் அடுத்த நொடி விலகுவதும் ஒரே திரையில் தெரியும். அது தெரிந்தால் நியூமோதோரக்ஸ்தான். நுரையீரல் முழுவதுமாகச் சுருங்கியிருந்தால் லங் பாயின்ட் கிடைக்காது என்பதையும் மனதில் வையுங்கள். பி.பி. விழுந்து, கழுத்து ரத்தக்குழாய் புடைத்து, ஆள் போய்க்கொண்டிருந்தால் எந்தப் படத்துக்கும் காத்திருக்காமல் காற்றை வெளியேற்றுங்கள். ஆள் நிலையாக இருந்து, புல்லாவோ என்ற சந்தேகமும் இருந்தால் சி.டி. எடுத்துவிட்டுத் தொடுங்கள். புல்லாவுக்குள் டியூப் போய்விட்டால் அதைச் சரிசெய்வது பெரும் பாடு.

11. "பீப் கூட்டினதும் ஸ்கோர் குறைஞ்சுது. அப்போ பீப் சரியாதானே இருக்கு?"

மூச்சு வெளியே போன பிறகும் காற்றறைகள் மூடாமல் இருக்க வென்டிலேட்டர் உள்ளே தக்கவைக்கும் அழுத்தம்தான் பீப். மூடியிருந்த பகுதி திறந்திருக்கிறது என்பது மட்டும் உறுதி. பாதிப் பதில்தான் அது. ஏற்கெனவே நன்றாக இருந்த பகுதி அளவுக்கு மீறி ஊதிப்போயிருந்தால் அங்கேயும் ஏ-கோடுகள்தான் தெரியும். சாதாரணமாக இருந்தாலும் ஏ-கோடுகள்தான். மிகைவிரிவை அல்ட்ராசவுண்டால் பார்க்க முடியாது. இந்தக் கருவியின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

சி.டி. இங்கே எண்ணாகவே சொல்லும். சி.டி.யில் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் காற்று மைனஸ் 1000, தண்ணீர் 0. மைனஸ் 900-க்கும் கீழே போனால் அது மிகையாக விரிந்த நுரையீரல். இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி 1980-களில் ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளுக்கு சி.டி. எடுத்துப் பார்த்தபோதுதான், நுரையீரல் முழுவதும் ஒரே மாதிரி கெட்டுப்போவதில்லை என்பது தெரிந்தது. நனைந்த பஞ்சைப் போல மேல்பகுதியின் கனம் அடிப்பகுதியை நசுக்குகிறது. வேலை செய்வது ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்கான பகுதிதான். நாம் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்தச் சின்னப் பகுதியின் தலையில்தான் விழுகிறது. குப்புறப் படுக்க வைப்பதன் பலனும் இதிலிருந்தே புரியவந்தது. 2013-இல் வெளியான பிரான்ஸின் ப்ரோசேவா ஆய்வில், கடும் ஏ.ஆர்.டி.எஸ். உள்ளவர்களின் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக இறங்கியது.

ஆகவே பீப் கூட்டும்போது ஸ்கோரோடு டிரைவிங் பிரஷரையும் (ஒவ்வொரு மூச்சிலும் பீப்புக்கு மேல் நுரையீரலை விரிக்கும் அழுத்தம்), கம்ப்ளையன்ஸையும் (நுரையீரல் விரிந்துகொடுக்கும் தன்மை), பி.பி.யையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்கோர் குறைந்து டிரைவிங் பிரஷர் ஏறினால், ஒரு பக்கம் திறந்து இன்னொரு பக்கம் ஊதுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

12. "வென்டிலேட்டர்ல இருந்து எடுக்கலாமானு இதை வெச்சுச் சொல்ல முடியுமா?"

உதவும். பிரான்ஸில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், தானாக மூச்சுவிடும் சோதனையின் முடிவில் ஸ்கோர் 13-க்குக் கீழே இருந்தவர்கள் குழலை எடுத்த பிறகும் பெரும்பாலும் சமாளித்தார்கள். 17-க்கு மேல் இருந்தவர்களுக்கு மறுபடி மூச்சுத்திணறல் வரும் ஆபத்து அதிகமாக இருந்தது. நடுவில் இருப்பவர்களுக்கு இருமும் பலம், சளி, நினைவு, இதயம் இவைதான் தீர்மானிக்கும். உதரவிதானம் எவ்வளவு அசைகிறது, எவ்வளவு தடிக்கிறது என்பதையும் அதே புரோபில் பார்க்கலாம். வென்டிலேட்டரில் இருந்து எடுக்கலாமா என்று பார்க்க மட்டும் யாரும் சி.டி.க்குப் போவதில்லை.

13. "நுரையீரலைச் சுத்தித் தண்ணி இருக்குங்கிறீங்க. எவ்வளவுனு சொல்ல முடியுமா?"

ஓரளவு. தலைப்பக்கத்தை 15 டிகிரி உயர்த்தி, பின் அக்குள் கோட்டில் புரோபை வைத்து, நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே இருக்கும் அதிகபட்ச இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து 20-ஆல் பெருக்கினால், மில்லிலிட்டரில் ஒரு தோராயம் கிடைக்கும். 30 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 600 மில்லி. நீருக்குள் நூல் நூலாக ஓடும் தடுப்புகளை சி.டி.யைவிட அல்ட்ராசவுண்டுதான் நன்றாகக் காட்டும். டியூப் போட்டும் நீர் வடியாதபோது இதை முதலில் பாருங்கள்.

14. "ஒரே பேஷன்ட். நீங்க பார்த்தா 16, நான் பார்த்தா 22. இதை எப்படி நம்புறது?"

முறை ஒன்றாக இல்லாவிட்டால் நம்பவே கூடாது. அதே புரோப், அதே ஆழம், நோயாளி அதே நிலையில். கருவி படத்தை அழகாக்கத் தானே போடும் ஃபில்டர்களை அணைத்துவிடுங்கள். அவை பி-கோடுகளையே மறைத்துவிடும். புரோபைச் சாய்க்காமல் ப்ளூராவுக்கு நேர் செங்குத்தாக வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழு மூச்சுக்கு நின்று பாருங்கள், ஆறு நொடி வீடியோ பதிவு செய்யுங்கள். பார்த்த நேரத்தில் பீப் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். பீப் 14-இல் எடுத்த 16-ம் பீப் 8-இல் எடுத்த 16-ம் ஒன்றல்ல.

முடிந்தால் ஒரு ஷிஃப்டில் ஒருவரே பார்க்கட்டும். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி மாற்றத்துக்கு சிகிச்சையை மாற்ற வேண்டாம். அப்புறம், ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே புரோபையும் அதன் வயரையும் துடைக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போகாதீர்கள். எதிர்ப்புச்சக்தி பெற்ற கிருமியை வார்டு முழுக்கக் கொண்டுபோக அந்த வயர் ஒன்று போதும்.

15. "வயித்து ஸ்கேன் மெஷின் கீழே சும்மாதான் இருக்கு. ஐ.சி.யூ.க்குக் கொண்டுவர விடமாட்டேங்கிறாங்களே?"

அது நிர்வாகத்தின் பிடிவாதம் இல்லை. பிறக்கும் முன்பே பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நுரையீரலுக்கு மட்டும் பயன்படுத்தினாலும் அல்ட்ராசவுண்டுக் கருவி பதிவு செய்யப்பட வேண்டும். எங்கே, யார் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. மீறினால் கருவிக்கு சீல் வைப்பார்கள். பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன பகுதிகள் நம் மாநிலத்திலேயே இருந்தன. அந்தச் சட்டம் தேவையானது.

வழி, ஐ.சி.யூ.வுக்கென்று ஒரு கருவியை முறையாகப் பதிவு செய்துகொள்வதுதான். பெரிய விலைக் கருவி வேண்டாம். நுரையீரலுக்கு, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரோ வேறு நுட்பங்களோ தேவையில்லை, வயிற்றுக்கான சாதாரண வளைந்த புரோப் ஒன்றே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

16. "சி.டி.யும் இல்லை, ஏ.பி.ஜி. மெஷினும் இல்லை. சின்ன ஆஸ்பத்திரில ஏ.ஆர்.டி.எஸ்.னு எப்படிச் சொல்றது?"

இதற்கு வழிகாட்டியது ருவாண்டா. 2012-இன் பெர்லின் வரையறைப்படி ஏ.ஆர்.டி.எஸ். என்று சொல்ல எக்ஸ்ரே அல்லது சி.டி., ரத்த வாயுப் பரிசோதனை (ஏ.பி.ஜி.), குறைந்தபட்ச பீப் எல்லாம் வேண்டும். அந்நாட்டுத் தலைநகர் கிகாலியில் உள்ள மருத்துவமனை ஒன்றில் அந்த விதியோடு தேடியபோது ஒரு நோயாளிகூடத் தேறவில்லை. எக்ஸ்ரேவுக்குப் பதில் அல்ட்ராசவுண்டும், ரத்த வாயுவுக்குப் பதில் விரல் நுனி ஆக்சிமீட்டரும் போதும் என்று மாற்றிப் பார்த்தபோது, அனுமதிக்கப்பட்டவர்களில் 4 சதவீதம் பேருக்கு ஏ.ஆர்.டி.எஸ். இருந்தது. 2016-இல் வெளிவந்த ஆய்வு இது. நோய் அங்கே இருக்கத்தான் செய்தது, கணக்கில்தான் வராமல் இருந்தது.

2023-இல் வந்த புதிய உலகளாவிய வரையறை, பயிற்சி பெற்றவர் பார்க்கும் அல்ட்ராசவுண்டை ஏற்றுக்கொண்டது. ஆக்சிஜன் செறிவை உள்ளே போகும் ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து வருவது 315 அல்லது அதற்குக் கீழே இருந்தால் போதும்; செறிவு 97-க்கு மேல் இருக்கக் கூடாது. தாலுகா மருத்துவமனையில் இருப்பவரும் இதைச் செய்யலாம். பயிற்சி பெற்றவர் என்ற சொல்லை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

17. "இப்படிப் பார்த்துப் பார்த்து வைத்தியம் பண்ணா உயிர் பிழைப்பது கூடுதா? ஆதாரம் இருக்கா?"

பார்ப்பதால் மட்டும் கூடாது. பார்த்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பதும், சரியாகப் பார்த்தோமா என்பதும் முக்கியம். பிரான்ஸில் நடந்து 2019-இல் வெளியான லைவ் ஆய்வில், நுரையீரல் படத்தின் வடிவத்தைப் பார்த்து, பாதிப்பு ஒரே பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு விதமாகவும், பரவியிருப்பவர்களுக்கு வேறு விதமாகவும் வென்டிலேட்டரை அமைத்தார்கள். மொத்தத்தில் இறப்பு குறையவில்லை. ஐந்தில் ஒருவருக்குப் படத்தைத் தவறாக வகைப்படுத்தியிருந்தார்கள். தவறான வகைக்கான சிகிச்சை பெற்றவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது.

14-வது பதிலில் நான் அவ்வளவு கறாராகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். படம் தப்பாகப் படிக்கப்பட்டால் படமே இல்லாததைவிட மோசம். அது எக்ஸ்ரேவுக்கும் பொருந்தும், சி.டி.க்கும் பொருந்தும், அல்ட்ராசவுண்டுக்கும் பொருந்தும்.

18. "ரெண்டு ஸ்கேனும் எடுத்தும் அம்மா பிழைப்பாங்களானு சொல்ல மாட்டேங்கிறீங்களே டாக்டர்?"

மறைப்பதற்காகச் சொல்லாமல் இருப்பதில்லை. நுரையீரல் ஒரு உறுப்பு. சிறுநீரகம் எப்படி, பி.பி.க்கு எவ்வளவு மருந்து ஓடுகிறது, வயது, முன்பே இருந்த நோய்கள், எதனால் நுரையீரல் கெட்டது, இவை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பதில். ஸ்கோர் 24 இருந்தவர்கள் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். 10 இருந்தவர்கள் வேறு உறுப்பு செயலிழந்து போயிருக்கிறார்கள்.

ஸ்கோரைக் கேட்பதைவிட, கடந்த இரண்டு மூன்று நாளில் ஆக்சிஜன் தேவை குறைந்திருக்கிறதா, அல்ட்ராசவுண்டில் முதுகுப்பக்கம் திறக்கிறதா, பி.பி. மருந்தின் வேகம் இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் எந்த டாக்டரும் நின்று பதில் சொல்வார். மூன்றும் ஒரே பக்கம் போனால் உங்களுக்கே ஒரு தெளிவு கிடைக்கும். ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் போனால், எதனால் என்று கேளுங்கள். 7-வது பதிலில் சொன்ன சி.டி.யைப் பற்றிப் பேச வேண்டிய நாள் அதுவாக இருக்கலாம்.